கொத்து பரோட்டா சத்தத்துல பேச்சு காதுல விழுமா? வெளியூர் சக ஊழியர்களுக்கு நல்ல ஓட்டலை தேர்ந்தெடுப்பது எப்படி?

புதுக்கோட்டை:-

சென்னையில் இருந்து ஆபீஸ் வேலையாக 4 பேர் வருகிறார்கள். அவர்களை கவனிக்க வேண்டிய பொறுப்பு உள்ளூர் ஊழியர்கள் தலையில் விழுகிறது. "நல்ல ஓட்டலா பார்த்து கூட்டிட்டுப் போங்கப்பா" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு மேனேஜர் போய்விடுவார்.

அதற்குப் பிறகுதான் தலைவலி ஆரம்பம். எந்த ஓட்டல்? எத்தனை மணிக்கு? பில் யார் கொடுப்பது? கூட வந்த டிரைவரை எங்கே உட்கார வைப்பது?

கடைசியில் என்ன நடக்கும்? பஸ் நிலையம் பக்கத்தில் கூட்டம் அலைமோதும் ஏதாவது ஒரு ஓட்டலுக்குள் எல்லோரும் நுழைவார்கள். ஒரு பக்கம் கொத்து பரோட்டா தட்டும் சத்தம், மறுபக்கம் டி.வி. அலறல், முதுகுக்குப் பின்னால் இடம் பிடிக்க காத்து நிற்கும் ஆட்கள். 20 நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்து விடுவார்கள். சாப்பாடு ருசியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பேச வேண்டிய ஒரு விஷயமும் பேசி இருக்க மாட்டார்கள்.

நஷ்டம் அங்கேதான் இருக்கிறது. மேலிடத்தில் இருந்து வருகிறவர்களிடம் மீட்டிங்கில் வாய் திறந்து சொல்ல முடியாத குறைகள் ஊழியர்களுக்கு நிறைய உண்டு. ஆள் பற்றாக்குறை, ஓவர்டைம், இடமாறுதல், வராத உதிரி பாகம் என்று பட்டியல் நீளும். அதை எல்லாம் சாப்பாட்டு மேஜையில்தான் சகஜமாக பேச முடியும். அந்த ஒரு மணி நேரம் சத்தத்தில் போய்விட்டால் கை காசும் வீண், வாய்ப்பும் வீண்.

ஆகவே ருசியை பார்ப்பதற்கு முன்னால் டேபிளை பார்க்க வேண்டும்.

வெளியூர் ஆட்கள் வருவது அதிகம்

புதுக்கோட்டை மாவட்டம் 1974-ம் ஆண்டு ஜனவரி 14-ந்தேதி உருவானது. அரசு மருத்துவக் கல்லூரி 2017-ல் திறக்கப்பட்டது. புதுக்கோட்டை நகராட்சி 2024-ல் மாநகராட்சி ஆனது. கலெக்டர் அலுவலகம், கோர்ட்டு, கல்லூரிகள் எல்லாம் இருப்பதால் ஆய்வு, பயிற்சி, கணக்கு சரிபார்ப்பு என்று ஏதாவது ஒரு வேலையாக வெளியூர் ஊழியர்கள் வந்து கொண்டே இருக்கிறார்கள்.

அரசு போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டத்தில் புதுக்கோட்டை ஒரு மண்டலம். அதனால் கும்பகோணத்தில் இருந்து ஆட்கள் வருவது உண்டு. விமானத்தில் வருகிறவர்களுக்கும் சிரமம் இல்லை. திருச்சி விமான நிலையமே புதுக்கோட்டை ரோட்டில்தான் இருக்கிறது. காரில் ஒரு மணி நேரப் பயணம். சென்னை-ராமேசுவரம் ரெயில்களும் புதுக்கோட்டை வழியாக செல்கின்றன.

விராலிமலை பக்கம் உள்ள ஆலைகளுக்கு வருகிறவர்கள் கதை வேறு. அங்கிருந்து திருச்சி சுமார் 30 கிலோ மீட்டர்தான். புதுக்கோட்டை டவுன் அதைவிட தள்ளி இருக்கிறது. வந்தவர்களை சாப்பாட்டுக்காக புதுக்கோட்டைக்கு அழைத்து வந்து, மறுபடி திருச்சிக்கு அனுப்புவது வீண் அலைச்சல். விருந்தாளி எந்தப் பக்கம் திரும்பிப் போகிறாரோ, அந்தப் பாதையில் உள்ள ஓட்டலை பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

சத்தம் எப்படி ஏறுகிறது?

இரண்டு பேர் சாதாரணமாக பேசிக்கொள்ளும் சத்தம் சுமார் 60 டெசிபல். டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அளவு. இந்தியாவில் 2000-ம் ஆண்டு கொண்டு வரப்பட்ட ஒலி மாசு விதிகளின்படி, வர்த்தக பகுதியில் பகலில் 65 டெசிபல், குடியிருப்பு பகுதியில் 55 டெசிபல்தான் வரம்பு. கடைவீதி ஓட்டலில் கூட்ட நேரத்தில் இதை சுலபமாக தாண்டிவிடும்.

ஏன் தாண்டுகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னை அறியாமலேயே குரலை உயர்த்துவான். பிரான்ஸ் நாட்டு டாக்டர் எட்டியன் லோம்பார் என்பவர் 1911-ல் இதை எழுதி வைத்தார். அவர் பெயரிலேயே இதை 'லோம்பார் விளைவு' என்கிறார்கள்.

ஓட்டலில் நடப்பதும் இதுதான். டி.வி. சத்தத்தை மீறி முதல் டேபிள்காரர் சத்தமாக பேசுவார். அவர் சத்தத்தை மீறி அடுத்த டேபிள்காரர் பேசுவார். சப்ளையர் இரண்டு பேரையும் மீறி "ரெண்டு ரோஸ்ட்டு..." என்று குரல் கொடுப்பார். அரை மணி நேரத்தில் கடையே சந்தைக்கடை ஆகிவிடும். இதில் யார் மீதும் தப்பு இல்லை.

கட்டிடமும் ஒரு காரணம். கிரானைட் தரை, டைல்ஸ் சுவர், கண்ணாடி கதவு, ஸ்டீல் டேபிள் எல்லாம் பளபளவென்று இருக்கும், துடைக்கவும் சுலபம். ஆனால் சத்தம் அவற்றில் பட்டு அப்படியே திரும்பி வரும். திரைச்சீலை, மெத்தை வைத்த நாற்காலி, மரத் தடுப்பு, செடி கொடிகள் உள்ள இடத்தில் சத்தம் கொஞ்சம் அடங்கும். ஆகவே புதிதாக கட்டிய பெரிய ஓட்டல் என்றால் அமைதியாக இருக்கும் என்று நினைப்பது தவறு.

50 வயது தாண்டியவர்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. தனியாக பேசும்போது நன்றாக கேட்கும் காது, இரைச்சலுக்கு நடுவே பேச்சை பிரித்து எடுக்க சிரமப்படும். வெளியே சொல்ல கூச்சப்பட்டு சும்மா தலையாட்டுவார்கள். "சார் சரின்னு சொல்லிட்டாரு" என்று ஊழியர்கள் நம்பிக்கொண்டு இருப்பார்கள். அவருக்கோ பாதி காதில் விழுந்தே இருக்காது.

முதல் நாளே போய் பார்க்க வேண்டும்

இதற்கு சுலபமான வழி, முதல் நாள் அதே நேரத்துக்கு அந்த ஓட்டலுக்கு போய் ஒரு டீ குடிப்பதுதான். மதியம் 1 மணிக்கு விருந்து என்றால் மதியம் 1 மணிக்கே போக வேண்டும். காலை 11 மணிக்கு போய் பார்த்துவிட்டு "கடை காலியா அமைதியா இருக்கு" என்று வந்தால் மறுநாள் ஏமாற வேண்டியதுதான்.

கூட ஒருவரை அழைத்துச் சென்று எதிர் எதிரே உட்கார வேண்டும். சாதாரண குரலில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் "என்ன?" என்று திரும்பக் கேட்டால் அந்த டேபிள் வேண்டாம். செல்போனில் சத்தம் அளக்கும் ஆப் இலவசமாக கிடைக்கிறது. அது துல்லியமாக இருக்காது என்றாலும், இரண்டு ஓட்டல்களை ஒப்பிட்டுப் பார்க்க போதும்.

பிறகு கல்லாவில் இருப்பவரிடம் நேரடியாக கேட்டுவிடலாம். "அண்ணே, நாளைக்கு மதியம் ஆறு பேர் வர்றோம். ஆபீஸ் ஆளுங்க. கொஞ்சம் பேசணும். ஓரமா ஒரு டேபிள் போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். டி.வி. சத்தத்தை குறைக்கச் சொல்வதையும் அப்போதே சொல்லி வைப்பது நல்லது. விருந்தாளி முன்னால் சப்ளையரிடம் தகராறு செய்வதை விட இது எவ்வளவோ மேல்.

எந்த டேபிள் ஆகாது?

ஒரே ஓட்டலில் ஒரு மூலை கோவில் மாதிரி இருக்கும், இன்னொரு மூலை பட்டறை மாதிரி இருக்கும். கீழ்க்கண்ட இடங்களை தவிர்ப்பது நல்லது.

* பரோட்டா கல் பக்கம். சாயங்காலம் ஆனால் கொத்து பரோட்டா தட்டும் சத்தம் காதை பிளக்கும்.

* கிச்சன் வாசல். பாத்திர சத்தமும், சப்ளையர்கள் ஓட்டமும் ஓயாது.

* கை கழுவும் இடம். வருகிறவர் போகிறவர் எல்லோரும் டேபிளை உரசிக்கொண்டு போவார்கள்.

* கல்லா, பார்சல் கட்டும் இடம், ஜூஸ் மிக்சி, ஜெனரேட்டர் பக்கம்.

* ரோட்டை பார்த்த ஜன்னல். ஏர்ஹாரன் அடித்தால் பேச்சு அறுந்துவிடும்.

சுவர் ஓரமாக, நாலு பக்கமும் ஆள் நடமாட்டம் இல்லாத டேபிள்தான் சரி. பல ஓட்டல்களில் 'ஏ.சி. பேமிலி ரூம்' என்று தனி அறை இருக்கும். அதில் விலைப்பட்டியலே வேறாக இருக்கலாம். உட்காருவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும். 6 பேர் வரை என்றால் ஒரே பேச்சாக பேசலாம். நீள டேபிளில் 10 பேர் உட்கார்ந்தால் இந்தக் கோடியில் பேசுவது அந்தக் கோடிக்கு எட்டாது. முக்கிய விருந்தாளியை நடுவில் உட்கார வைத்தால் எல்லோரும் பேச முடியும்.

பார் வசதி உள்ள ஓட்டல் என்றால் ராத்திரி நேரத்தில் யோசித்துத்தான் போக வேண்டும். சாப்பாட்டு ஹாலுக்கு வழி தனியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெண் ஊழியர்கள் வரும் குழு என்றால் இது கட்டாயம். கழிவறை எப்படி இருக்கிறது என்பதையும் முதல் நாளே எட்டிப் பார்த்துவிட வேண்டும். 5 மணி நேரம் பயணம் செய்து வருகிறவர்களுக்கு சாப்பாட்டை விட அதுதான் முதல் தேவை.

நாளும் நேரமும் முக்கியம்

மதியம் 1 மணி முதல் 2 மணி வரை எந்த ஓட்டலிலும் கூட்டம் அலைமோதும். 12.15 மணிக்கே உட்கார்ந்தால் நிம்மதியாக சாப்பிடலாம். இல்லை என்றால் 2 மணிக்கு மேல் போகலாம். ஆனால் அதற்குள் சில அயிட்டங்கள் தீர்ந்துவிடும் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

காலண்டரை ஒரு தடவை புரட்டிப் பார்ப்பதும் அவசியம். முகூர்த்த நாள் என்றால் கல்யாண வீட்டுக்கு வந்தவர்களே டவுன் ஓட்டல்களை நிரப்பி விடுவார்கள். மாசி மாதம் திருவப்பூர் முத்துமாரியம்மன் கோவில் திருவிழா, பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோவில் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் ரோட்டில் நகரவே முடியாது. ஜனவரி முதல் ஜல்லிக்கட்டு சீசன். தமிழ்நாட்டிலேயே ஜல்லிக்கட்டு அதிகமாக நடக்கும் மாவட்டம் புதுக்கோட்டை என்பதால் வெளியூர் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

கீழராஜ வீதி போன்ற கடைவீதிகளில் கார் நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இரண்டு கார் வருகிறது என்றால் பார்க்கிங் உள்ள ஓட்டலாக பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் விருந்தாளி உள்ளே, டிரைவர் தெருத்தெருவாக சுற்றிக்கொண்டு வெளியே என்று ஆகிவிடும்.

என்ன சாப்பிடுவார்கள்? கேட்டுவிடுங்கள்

புதுக்கோட்டைக்கு வந்துவிட்டால் பலரும் காரசாரமான செட்டிநாட்டு சாப்பாட்டை எதிர்பார்ப்பார்கள். காரைக்குடி சுமார் 40 கிலோ மீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று மாவட்டத்துக்கே மீன்பிடி தளங்கள் இருப்பதால் நண்டு, இறாலுக்கும் பஞ்சம் இல்லை.

ஆனால் எல்லோர் வயிறும் ஒன்று அல்ல. வெள்ளிக்கிழமை, அமாவாசை, புரட்டாசி மாதம், கார்த்திகையில் மாலை போட்டவர்கள் என்று அசைவம் தொடாதவர்கள் இருப்பார்கள். ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் ஊழியர்கள் பகலில் நோன்பு இருப்பார்கள். அவர்கள் வரும்போது விருந்தை நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ஹலால் கறியா என்று அவர்கள் கேட்க கூச்சப்படுவார்கள். அழைப்பவரே கேட்டு வைப்பதுதான் மரியாதை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும் இருப்பார்கள்.

"சார், சைவமா அசைவமா? காரம் கம்மியா சொல்லவா?" என்று முதல் நாள் ஒரு போன் போட்டால் போதும். சைவம், அசைவம் இரண்டும் கிடைக்கும் ஓட்டலாக இருந்தாலும் கிச்சன் தனித்தனியா என்று கேட்கும் ஆட்கள் உண்டு. அப்படிப்பட்டவர் ஒருவர் இருந்தாலும் சைவ ஓட்டலுக்கே போய்விடுவது நல்லது. ஒருவர் மட்டும் தயிர் சாதத்தை வைத்துக்கொண்டு மற்றவர்கள் தட்டை பார்த்துக்கொண்டு இருப்பது விருந்து ஆகாது.

டிரைவர் எங்கே சாப்பிடுவார்?

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். விருந்தாளிகள் உள்ளே ஏ.சி. அறையில் உட்கார்ந்து இருப்பார்கள். அவர்களை அத்தனை தூரம் பத்திரமாக கொண்டு வந்த டிரைவர் கையில் நூறு ரூபாயை கொடுத்து "வெளியில எங்கயாவது சாப்பிட்டுக்கப்பா" என்று அனுப்பிவிடுவார்கள். அவரும் சக ஊழியர்தான். டேபிள் சொல்லும்போதே அவரையும் சேர்த்து கணக்கு சொல்ல வேண்டும்.

யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது இந்த மண்ணில் சின்ன விஷயம் அல்ல. சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஓட்டலின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து 1957-ல் பெரியார் போராட்டம் நடத்தினார். கடை, ஓட்டல் போன்ற இடங்களுக்குள் செல்ல சாதி, மதம், பால் பார்த்து யாரையும் தடுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு சொல்கிறது.

அது பழைய கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது நாட்டையே உலுக்கியது. அப்போது அங்கு சென்ற கலெக்டர் கவிதா ராமு, போலீஸ் சூப்பிரண்டு வந்திதா பாண்டே ஆகியோர் பக்கத்து இறையூரில் உள்ள டீக்கடையில் இரட்டை டம்ளர் முறை இருப்பதை கண்டுபிடித்தனர். அது தொடர்பாக வழக்கு போடப்பட்டது.

ஆகவே ஒரு ஓட்டலை தேர்ந்தெடுக்கும்போது, வருகிற அத்தனை பேரும் ஒரே மாதிரி மரியாதையோடு உட்கார முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். வேலை பார்க்கும் ஒருவரை கடைக்காரர் ஒருமையில் பேசி விரட்டுகிறார் என்றால், ஏ.சி. எவ்வளவு குளிர்ந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

பில்லில் என்ன பார்க்க வேண்டும்?

விருந்து வைப்பவர் மாத சம்பளக்காரர். கணக்கு பார்க்காமல் முடியாது.

பெரும்பாலான ஓட்டல்களில் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். 2017 நவம்பர் 15-ந்தேதி முதல் இது அமலில் இருக்கிறது. ஏ.சி. என்றாலும் இல்லாவிட்டாலும் ஒரே வரிதான். உதாரணமாக ஒரு சாப்பாடு 150 ரூபாய் என்றால் 6 பேருக்கு 900 ரூபாய். வரி 45 ரூபாய். மொத்தம் 945 ரூபாய். வரி போட்டு இருந்தால் பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு எண் '33' என்று ஆரம்பிக்கும். சிறு கடைகளுக்கான 'காம்போசிஷன்' திட்டத்தில் உள்ளவர்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக்கூடாது.

'சர்வீஸ் சார்ஜ்' என்று பில்லில் தானாக சேர்த்து வசூலிக்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ந்தேதி உத்தரவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது. சப்ளையருக்கு டிப்ஸ் கொடுப்பது அவரவர் விருப்பம்.

உணவு பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணை பில்லில் அச்சிட வேண்டும் என்பது 2022 ஜனவரி 1-ந்தேதி முதல் கட்டாயம். சாப்பாடு கெட்டுப்போய் இருந்தால் தமிழக உணவு பாதுகாப்பு துறைக்கு 94440 42322 என்ற எண்ணில் வாட்ஸ் அப்பில் புகார் அனுப்பலாம். பில் தகராறுக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பில்லை யார் கொடுப்பது என்பதை முன்னாடியே பேசி முடிக்க வேண்டும். ஆபீஸ் கணக்கா, எல்லோரும் பங்கு போடுவதா என்று தெரிந்துவிட்டால், விருந்தாளி முன்னால் பர்சை தேடி இழுபறி செய்ய வேண்டாம். ஒருவர் மட்டும் கை கழுவப் போவது போல போய் கல்லாவில் கொடுத்துவிட்டு வருவது நல்ல பழக்கம்.

ஓட்டலே வேண்டாம் என்றால்?

நல்ல டேபிள் கிடைக்கவில்லை, காசும் இடிக்கிறது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. நல்ல கடையில் சாப்பாட்டை வாங்கி வந்து ஆபீசிலேயே ஒரு அறையில் வாழை இலை போட்டு பரிமாறலாம். டி.வி. கிடையாது, காத்து நிற்கும் கூட்டம் கிடையாது. மனம் விட்டு பேசலாம். சாம்பார், ரசத்துக்கு தூக்குவாளி கொண்டு போக வேண்டும். உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், டேபிளில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் எல்லாம் 2019 ஜனவரி 1-ந்தேதி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை.

புதுக்கோட்டைக்கு விருந்தோம்பல் புதுசு இல்லை. 1948-ல் இந்தியாவோடு இணையும் வரை இது தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக இருந்தது. நவராத்திரி காலத்தில் இங்கு ஏழைகளுக்கு அரிசியோடு ஒரு அம்மன் காசையும் சேர்த்துக் கொடுத்தார்கள். காசு சின்னதுதான். ஆனால் வாங்கியவர்கள் அதை மறக்கவில்லை.

வெளியூரில் இருந்து வந்த சக ஊழியரும் ஊருக்கு திரும்பியதும் எத்தனை அயிட்டம் சாப்பிட்டோம் என்று எண்ணிக்கொண்டு இருக்க மாட்டார். "நல்லா கவனிச்சாங்க. உட்கார்ந்து நிம்மதியா பேசினோம். அவங்க கஷ்டமும் புரிஞ்சுது" என்று அவர் சொன்னால், செலவு செய்த 945 ரூபாய் வசூல் ஆகிவிட்டது என்று அர்த்தம்.